ஆணிச் சாவி

வியாழக்கிழமை காலை ஏழரை மணி பஸ்ஸில் போடிக்கு இறங்கும்போது வேன் சாவி இரண்டும் என் கால்சட்டைப் பையில் இருந்தன. இரண்டையும் ஒரே வளையத்தில் கோத்திருந்தேன். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் பஸ் சாயும்போது கொத்து தொடையில் குத்தியது. எடுத்துச் சட்டைப் பையில் போட்டேன். அங்கே கனத்தது. மறுபடியும் கீழே மாற்றினேன். பக்கத்தில் இருந்த ஏலக்காய் வியாபாரி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, "தம்பிக்கு வயித்தக் கலக்குதா? ஜன்னல் பக்கம் வாங்க" என்று இடம் மாறி உட்கார்ந்தார். வயிறு நன்றாகத்தான் இருந்தது. கலங்கியது வேறு.

போடிமெட்டுக்கும் பூப்பாறைக்கும் நடுவே, கேரளா பக்கத்தில், மெயின் ரோட்டிலிருந்து கொஞ்சம் இறங்கினால் எங்கள் லயம். ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகப் பதினாறு எஸ்டேட் வீடுகள். என் மனைவி மோனிஷா தேயிலைக் கொழுந்து பறிக்கிறாள். அவள் பேரில்தான் எங்களுக்கு வீடு. நான் டூரிஸ்ட் வேன் ஓட்டுகிறேன். அந்த வேன் இதற்கு முன்னால் எட்டு வருஷம் சின்னமுத்து மாமாவிடம் இருந்தது. தேயிலை ஃபேக்டரியில் முப்பத்து நாலு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எஸ்டேட் வீட்டைக் காலி செய்துவிட்டு போடியில் மகள் வீட்டுக்குப் போனார். போகும்போது வேனை எனக்குக் கொடுத்தார். வெளியில் விற்றிருந்தால் கூடுதலாகவே கிடைத்திருக்கும். எனக்குக் குறைத்துக் கொடுத்ததற்கு ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்.

"சாவி ரெண்டு இருக்கு மாப்ள. ஒண்ணு உனக்கு. இன்னொண்ணு மூக்கம்மா வீட்டு ஆணியில தொங்கும். அது தொங்கிட்டேதான் இருக்கணும்."

அது அவர் ஆரம்பித்து வைத்த வழக்கம். ஒரு மழை நாளில் ஜீப் கிடைக்காமல் ஒரு பிள்ளையைக் காய்ச்சலோடு தோளில் போட்டுக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். அதற்குப் பிறகுதான் இவர் வேன் வாங்கினார், ஒரு சாவியை ஆணியில் மாட்டினார். அவசரம் என்றால் லைசென்ஸ் உள்ள யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொண்டு போகலாம். லயத்தில் மூத்தவரான மூக்கம்மாளிடம் சொல்லிவிட்டு எடுக்க வேண்டும், அவ்வளவுதான். லயத்தில் அதற்குப் பெயரே ஆணிச் சாவி. நானும் சரி என்று தலையாட்டினேன். வாங்குகிற ஆசையில் எதற்குத்தான் தலையாட்டமாட்டோம்.

ஆனால் அவசரம் என்ற சொல்லுக்கு எங்கள் லயத்தில் எல்லையே கிடையாது. முதல் வாரம் பல்வலிக்காரர் ஒருவரைப் பூப்பாறைக்குக் கொண்டுபோனார்கள். நியாயம். இரண்டாம் வாரம் ஒரு வளைகாப்புக்கு வாடகைப் பாத்திரம் ஏற்றிவரப் போனார்கள். பின் சீட்டில் சாம்பார் வாடை நாலு நாள் போகவில்லை. மூன்றாம் வாரம் நான் குளித்துவிட்டு, தலை சீவி, சென்ட் எல்லாம் அடித்துக்கொண்டு வந்து பார்க்கிறேன், காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற பிரட்டுக்களத்தில் நான் நிறுத்தியிருந்த வேனைக் காணோம். டயர் தடம் மட்டும் இருக்கிறது. தோட்டத்தில் மருந்தடிக்கும் வினோ எடுத்துக்கொண்டு போயிருந்தான். அவன் மாமியாருக்கு மயக்கமாம். மயக்கம் பாவம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் சின்னக்கானலில் ரிசார்ட் வாசலில் எர்ணாகுளத்துக் குடும்பம் ஒன்று குல்லாவும் கூலிங் கிளாஸுமாக ஒன்றரை மணி நேரம் எனக்காக நின்றது. ரிசார்ட் மேனேஜர் ஜோமோன் சத்தம் போடுகிறவர் இல்லை. அதுதான் பயமே.

"அஜயே, இனி ஒரு தடவை இப்படி ஆனா நான் வேற வண்டி பாத்துக்கும், கேட்டோ" என்றார்.

அன்றைக்கே நேராக மூக்கம்மாள் பெரியம்மாவிடம் போய்ச் சாவியைக் கேட்டு வாங்கியிருக்க வேண்டும். கொழுந்து எடையில் ஒரு கிலோ குறைத்து எழுதினாலும் சூப்பர்வைசரையே நிற்க வைத்துக் கேள்வி கேட்கிறவர் அவர். அவர் முன்னால் போய் நின்று, எனக்கு உங்கள் யாருக்கும் வண்டி கொடுக்க இஷ்டமில்லை என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. வாசல் வரை போனேன். "என்னய்யா?" என்றார். "சும்மா பெரியம்மா" என்று திரும்பி வந்துவிட்டேன்.

என் கையில் இருந்த சாவியின் ரிமோட் வேறு உயிரை வாங்கிக்கொண்டிருந்தது. பொத்தான் ரப்பர் கிழிந்து, மூடி கழன்று, மேலே டேப் சுற்றிவைத்திருந்தேன். டூரிஸ்ட்டுகள் முன்னால் அதை ஊதி ஊதி அமுக்க வேண்டும். ஒரு சின்னப் பிள்ளை, "அங்கிள், இது புல்லாங்குழலா?" என்று கேட்டது. அதன் அப்பா சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன், வேறு என்ன செய்ய.

அதனால் திங்கட்கிழமை பூப்பாறையில் ஜாஸிம் கடைக்குப் போனேன். பாலக்காட்டுப் பக்கம் கொல்லங்கோட்டுக்காரர். கல்யாணம் ஆகி இந்தப் பக்கம் வந்து, முக்கில் ஒரு ஷட்டர் கடை எடுத்து, வண்டிச் சாவி செய்கிறார். ஆள் சுத்தமானவர். ஆர்.சி. புத்தகம், விற்பனைக் கடிதம், என் லைசென்ஸ் எல்லாவற்றையும் வாங்கிப் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டுதான் வண்டியைத் தொட்டார். புதுச் சாவியை மிஷினில் வெட்டி முடித்து, ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒரு ஒயரைச் சொருகி, மடியில் சிலேட்டு மாதிரி ஒரு பெட்டியை வைத்துக்கொண்டார்.

"ஏனுங்க, வண்டிக்கு மொத்தம் எத்தன சாவிங்க?"

"ஏன் கேக்குறீங்க பாய்?"

"புதுசு ஏத்தறப்ப வண்டி பழைய சாவியெல்லாத்தையும் மறந்துருமுங்க. இப்ப இங்க வெச்சுக் காட்டறது மட்டுந்தான் உசுரோட இருக்கும். ஊட்டுல ஏதாச்சும் கெடந்தா எடுத்துட்டு வந்துருங்க. நான் இருக்கறனுங்க, அவசரமில்ல."

நான் இதைத் திட்டம் போட்டுக்கொண்டு போகவில்லை. அதுவரைக்கும் சாவிக்குள் உயிர் இருக்கிறது, அதை எடுக்க முடியும் என்பதே எனக்குத் தெரியாது. லயத்துக்குப் போய்வர அரை மணி நேரம் ஆகும். மூக்கம்மாளிடம் கேட்டால் உடனே கழற்றிக் கொடுத்திருப்பார். எல்லாம் தெரியும். வெயிலில் நின்ற அந்தக் குடும்பமும் ஜோமோனின் மெதுவான குரலும் சாம்பார் வாடையும் சேர்ந்து என் வாயைத் திறந்தன.

"இது ஒண்ணுதான் பாய். மத்தது தொலைஞ்சு போச்சு."

"அப்பச் சரிங்க. எவன் கையில கெடச்சாலும் வண்டி நகராது. அந்தச் சாவி கதவத் தொறக்கும், செல்ஃப் சுத்தும். எஞ்சின் மட்டும் பிடிக்காதுங்க. பாக்கறவனுக்கு வண்டி ரிப்பேர்னுதான் தோணும்" என்று சிரித்தார்.

பத்து நிமிஷத்தில் முடிந்தது. புதுச் சாவி, டேப் சுற்றிய பழைய சாவி, இரண்டும் என்னிடம். திரும்பி வரும்போது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. யாரையும் பகைத்துக்கொள்ளவில்லை, யாரிடமும் இல்லை என்று சொல்லவில்லை. ஆணியில் சாவி தொங்கும், வண்டி எனக்கு மட்டும் ஓடும். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். சீட்டி அடித்தேன் என்று கூடச் சொல்லலாம்.

அந்தச் சந்தோஷம் லயத்தின் முதல் இருமல் வரைக்கும்தான். எங்கள் வீடுகளுக்கு நடுவில் இருப்பது சுவர் என்று பெயருக்குத்தான். நாலாவது வீட்டில் தும்மினால் எனக்குக் கேட்கும். அன்று சாயங்காலம் யாரோ இருமினார்கள். சோற்றுத் தட்டில் கை அப்படியே நின்றது. சாதா இருமலா, மூச்சு முட்டுகிற இருமலா என்று காது கொடுத்துக் கேட்டேன். செவ்வாய்க்கிழமை ஒரு கைக்குழந்தை விடாமல் அழுதது. யாரும் கூப்பிடாமலேயே வாசலில் போய் நின்று, "ஆஸ்பத்திரி போகணும்னா சொல்லுங்க, நானே வர்றேன்" என்றேன். அது பல் முளைக்கிற அழுகையாம். புதன்கிழமை இருந்த ஒரு ஓட்டத்தையும் வேறு ஆளுக்குக் கைமாற்றிவிட்டு வேன் பக்கத்திலேயே சுற்றிச் சுற்றி வந்தேன். இரண்டு தடவை கழுவினேன். எந்த வண்டியை எனக்கு மட்டும் என்று ஆக்கினேனோ, அதை விட்டு நகர முடியாமல் அதற்கே காவல்காரனாகிவிட்டேன்.

"திடீர்னு இம்புட்டு நல்லவனாயிட்ட?" என்று மூக்கம்மாள் கேட்டார். சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன். "சாவி பத்திரமா இருக்குய்யா, நீ கவலப்படாத" என்று அவரே சொல்லிவிட்டுப் போய்விட்டார். நாளைக்குச் சொல்லலாம் என்று முடிவு செய்தேன். அதே முடிவைத் திங்களும் எடுத்தேன், செவ்வாயும் எடுத்தேன்.

புதன் சாயங்காலம் சின்னமுத்து மாமா போன் செய்தார். வெள்ளிக்கிழமை திருப்பூருக்கு மகனைப் பார்க்கப் போகிறார், வர ஒரு மாதம் ஆகும், வேன் ஆர்.சி.யில் பேர் மாற்றுகிற பாரத்தில் கையெழுத்து வேண்டுமானால் நாளைக்கே வா என்றார். கேரளா டாக்ஸி எல்லை தாண்டினால் பெர்மிட் போட வேண்டும். ஒரு கையெழுத்துக்காக அது எதற்கு என்று பஸ்ஸில் கிளம்பினேன். சாவி இரண்டையும் கூடவே எடுத்துக்கொண்டேன். ஒன்றை வீட்டில் வைத்தால் மோனிஷா ஏன் இரண்டு என்று கேட்பாள். அவளிடமும் சொல்லியிருக்கவில்லை.

போடியில் மாமா நான் கொண்டுபோன பாரங்களை டி.வி. ஸ்டாண்டு மேல் விரித்து, கண்ணாடி போட்டுக்கொண்டு, ஒவ்வொரு வரியாகப் படித்துக்கொண்டிருந்தார். முப்பத்து நாலு வருஷம் மிஷின் சத்தத்தில் நின்றதில் அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். போனை எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார். பேனாவைத் திறந்த நேரத்தில் போன் அடித்தது. மூக்கம்மாள்.

"சின்னமுத்தண்ணே, என்ன வண்டிய அந்தப் புள்ள தலையில கட்டிட்டுப் போயிருக்கீக?"

"என்னா மூக்கம்மா, என்ன சொல்ற?"

"எப்சிபாவக் கதண்டுக் குளவி கொட்டிருச்சு. கவாத்து வெட்டுன காட்டுக்கு மேல கூடு இருந்திருக்கு. ஏழெட்டுக் கொட்டு. மூஞ்சியெல்லாம் வீங்கி மூச்சு விட முடியல. வினோ ஆணிச் சாவிய எடுத்துட்டு ஓடுனான். சுத்துது சுத்துது, பிடிக்க மாட்டேங்குது. பதினோரு பொம்பளைக தள்ளுனோம். எறக்கத்துல விட்டுப் பாத்தோம். மறுபடியும் மேட்டுல ஏத்தி விட்டுப் பாத்தோம். ஒண்ணும் ஆகல. அஜய்க்குப் போட்டா லைன் கெடைக்கல. கடைசியில கொழுந்துப் படுதாவுல போட்டு ரோட்டுக்குத் தூக்கிட்டுப் போனோம். ஏலக்கா ஜீப்பு ஒண்ணு வந்துச்சு. வினோ கூடப் போயிருக்கான். போன் எடுக்க மாட்டேங்குறான். அரை மணி நேரம் போச்சுண்ணே."

எப்சிபா என் மோனிஷாவுக்கு அடுத்த வரிசையில் கொழுந்து பறிக்கிறவள். முப்பது வயது இருக்கும். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போய்வந்தால் கேக் துண்டை இலையில் சுற்றி எங்களுக்கும் கொடுப்பாள். என் கை தானாகப் பைக்குள் போய்ச் சாவிக்கொத்தை இறுக்கிப் பிடித்தது.

மாமா கோபக்காரர். "என் வண்டியவா சொல்ற? எட்டு வருசத்துல ஒரு நாளு நின்னிருக்குமா அது? வாய்க்கு வந்ததப் பேசாத" என்று கத்திவிட்டுப் போனை வைத்தார். வைத்த பிறகு முகம் மாறிவிட்டது. என்னைப் பார்த்தார்.

"மாப்ள, உண்மையச் சொல்லு. உங்கிட்ட மக்கர் பண்ணுச்சா?"

"இல்ல மாமா."

"தண்ணி கலந்த பெட்ரோலு எதுவும் ஊத்துனியா?"

"இல்ல மாமா."

"அப்ப என்னாதான் ஆச்சு?"

"தெரியல மாமா" என்றேன்.

ஜாஸிமிடம் சொன்ன பொய் கோபத்தில் வந்தது. இது அப்படி இல்லை. தெளிவாக, அமைதியாக, அவர் கண்ணைப் பார்த்துச் சொன்னேன்.

அவர் பேனாவை மூடினார். "கையெழுத்து அப்புறம். என் வண்டி ஆள நடுவழியில விட்டுச்சுன்னு பேரு வந்தப்புறம் அத உன் தலையில கட்டுனா நான் மனுசன் இல்ல. கெட்ட வண்டின்னா நானே திருப்பி எடுத்துக்கிறேன். கெளம்பு" என்று கட்டிலுக்கு அடியில் இருந்து ஸ்பேனர் பையை இழுத்தார்.

மேலே ஏறுகிற பஸ்ஸில் அவர் வாய் ஓயவில்லை. ஃபில்டரில் அடைப்பு இருக்கலாம், பம்பு போயிருக்கலாம், எலி ஒயரைக் கடித்திருக்கலாம் என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்தார். நான் வளைவுகளை எண்ணினேன். அடுத்த வளைவில் சொல்லிவிடுகிறேன் என்று நினைப்பேன். பஸ் வளையும், அவர் என் தோளில் சாய்வார், நேராகும், நான் சொல்லியிருக்கமாட்டேன். பதினேழு வளைவுகள் இருக்கின்றன அந்த மலையில். ஒருவனுக்கு இதற்கு மேல் எத்தனை வாய்ப்புக் கொடுக்க முடியும்?

போடிமெட்டு செக்போஸ்ட் வருவதற்கு முன்னால் வினோ போன் செய்தான். ராஜகுமாரி ஊர் ஆஸ்பத்திரியில் ஊசி போட்டாகிவிட்டது, மூச்சு சீராகிவிட்டது, எப்சிபா கண் திறந்து தண்ணீர் கேட்டாள். இரண்டு நாள் படுத்திருக்கச் சொல்லியிருக்கிறார்கள். மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எனக்கு அப்போது வந்த நினைப்பையும் சொல்லிவிடுகிறேன். அவள் பிழைத்துவிட்டாள், இனி சொல்ல வேண்டாமே என்று நினைத்தேன். வேறு யாரும் என்னை நினைக்க வைக்கவில்லை.

லயத்துக்கு இறங்கும்போது மணி ஒன்றரை இருக்கும். வேலையைப் பாதியில் விட்டுவிட்டுப் பெண்கள் எல்லோரும் பிரட்டுக்களத்தில்தான் நின்றார்கள். வேன் சரிவில் ஓடி, முன்சக்கரம் ஓடைக்குள் இறங்கிக் கோணலாக நின்றது. மாமாவைப் பார்த்ததும் யாரும் வாங்க என்று சொல்லவில்லை. முப்பத்து நாலு வருஷம் அவர்களோடு இருந்தவர்.

"நல்ல வண்டின்னு சொல்லித்தான வித்தீக?" என்று ஒருத்தி கேட்டாள்.

"நல்ல வண்டிதான்மா" என்றார். போடியில் இருந்த குரல் இல்லை அது.

மூக்கம்மாளிடம் ஆணிச் சாவியை வாங்கிப் போட்டுத் திருப்பினார். எஞ்சின் சுற்றியது. பிடிக்கவில்லை. டாஷ்போர்டில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. அதற்கு அர்த்தம் அங்கே எனக்கு மட்டும்தான் தெரியும். அவர் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, ஈரத்தில் முதுகைப் போட்டு வண்டிக்குக் கீழே நுழைந்தார். அறுபது வயசு ஆள். ஒவ்வொன்றாகக் கழற்றி, ஊதி, மாட்டினார். "இப்பப் போட்டுப் பாரு" என்பார். நான் ஆணிச் சாவியைத் திருப்புவேன். பிடிக்காது. "இப்பப் போடு." பிடிக்காது. மூன்று தடவை, நாலு தடவை. உயிர் உள்ள சாவி என் தொடையில் குத்திக்கொண்டிருந்தது.

மோனிஷா அவருக்கு டீ கொண்டுவந்து வைத்தாள். என் பக்கம் வந்து, "மாமா பாவம்ங்க. அவர யாரும் திட்ட வேணாம்னு பெரியம்மாகிட்ட நீங்க சொல்லுங்க" என்றாள். அவள் வலது உள்ளங்கையில் துணி சுற்றியிருந்தது.

"கைக்கு என்னாச்சு?"

"தள்ளும்போது வழுக்கிருச்சு. அத விடுங்க."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. நல்லவனாகிவிட்டேன் என்று இல்லை. இன்னும் ஒரு தடவை அந்தச் செத்த சாவியைத் திருப்பக் கை வரவில்லை, அவ்வளவுதான்.

"மாமா, வெளிய வாங்க. வண்டி நல்லாத்தான் இருக்கு" என்றேன். அவருக்குக் கேட்கவில்லை. இன்னும் சத்தமாகச் சொன்னேன். "வண்டியில ஒண்ணும் இல்ல. நான்தான் ஆணிச் சாவியச் சாகடிச்சேன்."

யாருக்கும் புரியவில்லை. ஒரு வரியில் சொல்லி முடித்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். ஒரு வரியில் முடிகிற காரியமா அது? ஜாஸிம் கேட்டது, நான் சொன்னது, வண்டி மறப்பது, சாவியின் உயிர் எல்லாவற்றையும் முதலிலிருந்து, இரண்டு தடவை, கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லி விளக்க வேண்டியிருந்தது. கடைசியில் பையில் இருந்து புதுச் சாவியை எடுத்துப் போட்டேன். ஒரே திருப்பில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. அத்தனை நாளில் அது அவ்வளவு சுத்தமாக ஓடி நான் கேட்டதில்லை. அணைத்தேன்.

"தெரிஞ்சேவா பண்ணுன?" என்று மூக்கம்மாள் கேட்டார்.

"தெரிஞ்சேதான் பெரியம்மா."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா அப்பவே கழட்டிக் குடுத்திருப்பேனே. வண்டி உன்னோடது, வேணாம்னா வேணாம். சாவி இல்லன்னு தெரிஞ்சிருந்தா நாங்க மொதல்லயே ஜீப்புக்கு ஆள் விட்டிருப்போம்யா. இருக்குன்னு நெனச்சுல்ல அரை மணி நேரம் அதையே தள்ளிட்டு இருந்தோம்."

இந்த ஒன்றை மட்டும் நான் நினைத்தே பார்க்கவில்லை. மூன்று நாளாக என்னென்னவோ நினைத்தேன், இருமல் இருமலாக எண்ணினேன். வண்டி கொடுக்காமல் இருப்பது ஒரு தப்பு என்றால், கொடுப்பது போல் வைத்திருந்தது எவ்வளவு பெரிய தப்பு என்று அவர் சொல்லித்தான் எனக்கு உறைத்தது.

மாமா வண்டிக்குக் கீழே இருந்து வந்தார். முதுகெல்லாம் சேறு. என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கையைத் துடைத்துக்கொண்டு, "அந்தப் பாரத்த எடு" என்றார். என் பையில்தான் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். பானெட் மேல் வைத்து, எங்கெங்கே கேட்டிருக்கிறதோ அங்கெல்லாம் நிதானமாகக் கையெழுத்துப் போட்டார்.

"இன்னைக்கே கொண்டுபோய்க் குடுத்துரு. இனி இந்த வண்டி புத்தகத்துல என் பேரு இருக்கக் கூடாது" என்றார். மாப்ள என்று கூப்பிடவில்லை. சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு மூக்கம்மாள் வீட்டுப் பக்கம் போனார். திட்டிய அதே பெண்கள் அவருக்கு வழி விட்டார்கள். ஒருத்தி தண்ணீர் எடுக்க முன்னால் ஓடினாள்.

நான் வேனை ஓடையிலிருந்து பின்னால் எடுத்தேன். கால்மிதியைத் தட்டினேன், சீட்டையெல்லாம் துடைத்தேன். நாலு மணிக்கு எப்சிபாவைப் பார்க்க ராஜகுமாரிக்குப் போகப்போகிறார்கள் என்று தெரியும். கதவை விரியத் திறந்து வைத்து, எஞ்சினைப் போட்டுக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன். என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்வது என்று இருந்தேன். போகிற வழியெல்லாம் திட்டட்டும்.

புடவை மாற்றிக்கொண்டு வந்தார்கள். ஒருத்தி கையில் கஞ்சித் தூக்கு, ஒருத்தி கையில் எப்சிபாவின் மாற்றுத்துணி. மாமாவும் அவர்களோடு வந்தார். திறந்த கதவைத் தாண்டி நடந்தார்கள். யாரும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை, ஒரு சொல் குத்திப் பேசவும் இல்லை. வழியில் நிற்கிற ஏதோ ஒரு வண்டியைத் தாண்டிப் போவது போலப் போனார்கள்.

"பெரியம்மா, ஏறுங்க. கூட்டிட்டுப் போறேன்."

"வேணாம்யா. பஸ்ஸு இருக்கு" என்றார் மூக்கம்மாள், நிற்காமலேயே.

கடைசியாக மோனிஷா வந்தாள். கட்டுப் போட்ட கையில் ஃப்ளாஸ்க் தொங்கியது.

"மோனி, நீயாவது ஏறு."

நின்றாள். உள்ளே துடைத்து வைத்திருந்த சீட்டுகளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "காலையில அந்தக்கா என் கையப் பிடிச்சுக்கிட்டு, அஜய் வண்டி இருக்குல்ல, போயிரலாம்னு சொன்னாங்க" என்றாள். அவளுக்கு அழுகை வரவில்லை. எனக்குத்தான் வந்தது. அவர்களை எட்டிப் பிடிக்க வேகமாக நடந்து மேட்டில் ஏறிவிட்டாள்.

முதல் கியரில் அவர்களுக்குப் பின்னாலேயே ரோடு வரைக்கும் ஓட்டினேன். பஸ் வந்தது, ஏறினார்கள். எனக்கு அங்கே நிற்கவும் முடியவில்லை, திரும்பிப் போகவும் முடியவில்லை. ராஜகுமாரி வரைக்கும் அந்தப் பஸ்ஸுக்குப் பின்னால் காலி வேனை ஓட்டிக்கொண்டு போனேன். இரண்டு இடத்தில் பஸ் டிரைவர் ஒதுங்கி, முந்திப் போ என்று கை காட்டினார். நான் முந்தவில்லை. பஸ்ஸின் பின் சீட்டில் மோனிஷா உட்கார்ந்திருந்தாள். கண்ணாடி வழியாக அவள் முதுகு தெரிந்தது. நான் பின்னால் வருகிறேன் என்று அவளுக்குத் தெரியும். ஆஸ்பத்திரி வாசல் வரும்வரை அவள் திரும்பவில்லை.